ஈரச் சீருடை

பதினோரு நாள் வரவில்லை என்றது பள்ளி.
இரண்டு மாத வாடகை பாக்கி என்றது வீட்டுவசதித் துறை.
ஐலாவின் எடை கோட்டுக்குக் கீழே சரிகிறதென்று
குழந்தைநலச் செவிலி பாவ்லினா
சிவப்புப் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.
மூன்றும் மூன்று கட்டடங்களில்
ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன.
கிரிம்ஸ்பியில் அந்த மாதம் முழுக்க மழை.

முதலில் பார்த்தது நானில்லை,
பள்ளியில் காலை ரொட்டி வாட்டும் லிண்ட்சி.
வருகிற நாட்களில் ஜென்சன்
ஒன்றைத் தின்று ஒன்றைப் பைக்குள் வைக்கிறான்,
வெண்ணெய்ப் பக்கம் உள்ளே மடித்து.
யாருக்கென்று அவள் கேட்கவில்லை.
மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.
பிறகு எனக்குப் போன் செய்தாள்.
"பெரிசா ஒண்ணும் இல்ல" என்றாள்.
பெரிதாய் ஒன்றும் இல்லாதபோது வரும் அழைப்புக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

நகத்தால் கிள்ளிவிடக்கூடிய நாளில் யாரும் வருவதில்லை.
கோடாலி வேண்டிய நாளில்
எல்லோரும் வருவார்கள், நீல விளக்கோடு.
கோடாலிகளையும் பார்த்திருக்கிறேன்.
இங்கே எழுதமாட்டேன்.

கெர்ரி ஹார்ப்பம் சங்கிலி கழற்றாமல் கதவைத் திறந்தாள்.
"நீங்க எத்தனாவது ஆள் தெரியுமா? எட்டு.
ஏழு பேர்கிட்டயும் அவன் விட்டுட்டுப் போன கதையை
முதல்லேருந்து சொல்லியாச்சு.
ஏழு பேரும் தலையாட்டினாங்க.
ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தாங்க."
என்னிடம் நோட்டீஸ் இல்லை.
குடையும் இல்லை, அதுதான் உதவியிருக்க வேண்டும்.
நனைந்து நிற்பவளை வாசலோடு அனுப்ப
அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே நாற்காலி முதுகெல்லாம் துணி.
மூன்று நாளாய்க் காயாத வாசனை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தெரியவில்லை.

புதன்கிழமை குடும்ப மையத்தில் கூடினோம்.
மழலையர் அறைதான் காலி,
முழங்கால் மோவாயில் இடிக்கிற நாற்காலிகள்.
வீட்டுவசதியிலிருந்து கிரேம் டாட்ஸ்.
வருகைப்பதிவு அதிகாரி ஒலுகோயா, டையைத் தளர்த்தியபடி.
பாவ்லினா.
லிண்ட்சி. (ரொட்டி வாட்டுபவள் எதற்கென்று ஒருவர்
மின்னஞ்சலில் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.)
கெர்ரி, மடியில் ஐலா.

தேரிழுக்க ஊர் கூடியது சரிதான்.
வடத்தை ஆளுக்கொரு திக்கில் இழுத்தால்
அச்சுதான் முறியும்.
கிரேம் 'நிதி மேலாண்மை' என்றான்.
ஒலுகோயா 'தொண்ணூறு சதவீதம்' என்றார்.
படிவத்தில் 'இலக்குகள்' என்றொரு கட்டம்
வாயைப் பிளந்து காத்திருந்தது.
நான் பேனாவை மூடிவிட்டுக் கெர்ரியைக் கேட்டேன்:
உனக்கு முதலில் எது?

"வாஷிங் மிஷின்."

யாரும் எழுதவில்லை.

"நவம்பர்ல செத்துப்போச்சு.
குளிக்கிற தொட்டியில துவைக்கிறேன், காய மாட்டேங்குது.
ஈரச் சட்டையோட ஒரு நாள் போனான்,
பசங்க மூக்கைப் பொத்தினாங்க. அதுக்கப்புறம் போகல.
லாண்டரிக்குப் போறது வாடகைக் காசு.
அதுவும் பத்தாதப்போ என் சாப்பாட்டுக் காசு.
இவளுக்கு இன்னும் என் பால்தான்."

பதினோரு நாள், இரண்டு மாதம், ஒரு புள்ளி.
மூன்று கட்டடங்களும்
அந்தச் சின்ன நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தன.

லிண்ட்சி மெல்லக் கேட்டாள்:
"அந்த ரொட்டி உனக்கா?"
கெர்ரி ஐலாவின் தொப்பியைச் சரிசெய்தாள்.
ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது.

வெள்ளியன்று கிரேமும் ஒலுகோயாவும்
காலியான ஒரு வீட்டிலிருந்து பழைய மிஷினைத்
திட்டிக்கொண்டே மாடிக்கு ஏற்றினார்கள்.
முதல் சுழற்சியில் அது அடுப்பறையில் நடக்கத் தொடங்கியது.
கெர்ரி அலமாரியைத் திறந்து
ஏழு நோட்டீஸையும் எடுத்து நான்காய் மடித்து
ஆடுகிற காலுக்கு அடியில் செருகினாள்.
நின்றது.
"இப்பத்தான் எதுக்கோ உதவுது" என்றாள்.
கிரேம் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தான்.

வாடகை பாக்கி இன்னும் இருக்கிறது.
ஜென்சன் ஐந்துக்கு நான்கு நாள் வருகிறான்.
இப்போதும் ஒரு ரொட்டியைப் பைக்குள் வைக்கிறான்,
பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.
புள்ளி கோட்டைத் தொடவில்லை, திரும்பியிருக்கிறது.
கோப்பை மூடவில்லை.
அடுத்த புதன் மூன்று மணிக்கு மறுபடியும் கூடுகிறோம்.
பெரிய நாற்காலிகள் கேட்டிருக்கிறேன்.