வாலிநோக்கத்து வெள்ளை

உப்புக்கு வெள்ளை போட்டேன்.
செத்த சுண்ணாம்பாய்க் கிடந்தது திரையில்.

போட்டோவை வைத்து
நிறத்தை உறிஞ்சிப் பார்த்தால்
குவியலில் எங்கேயும் வெள்ளை இல்லை.
வெயில் பக்கம் கஞ்சித்தண்ணி மஞ்சள்,
நிழலில் புறாக் கழுத்து,
அடியில்
பாத்தித் தண்ணீர் திருப்பி எறிந்த
கொஞ்சம் ரோஸ்.

கறுப்பை அழித்தேன்.
நிழலுக்குப் புது லேயர்,
ஊதா, முப்பது சதவீதம்.
ஓரத்தை மட்டும் தேய்த்துக் குழைக்கவில்லை,
உப்பு அங்கேதான் உடையும்.

சார்ஜ் ஒன்பதில் நிற்கையில்
கணக்கர் நாகூர்கனியிடமிருந்து மெசேஜ்:
'மூணாம் பாத்தி போட்டோ அனுப்பு.'
அவசரத்தில் விரல் தவறி
படம் போய்விட்டது.

ரெண்டு நீல டிக்.
அப்புறம் அவர் குரல்:
'அடியில இன்னும் ஈரம் நிக்குதே, பாண்டிமீனா.
லாரி நாளைக்கு வரட்டும்.'

எட்டிப் பார்த்தேன்.
குவியல் நேற்றே காய்ந்திருந்தது.