பகுதி

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
டார்ச், அகப்பை, மருந்துப் புட்டி.
கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில்
தேதி போட்டு என் கையெழுத்து.
தொட்டியைத் திறக்கச் சொன்னால்
எல்லாரும் கொஞ்சம் வெட்கப்படுவார்கள்,
உள்துணி காயும் கொடியை
நான் பார்த்துவிட்டதுபோல.

கடையாலில் அந்த ஐப்பசியில்
நூறு வீட்டில் இரண்டில்தான் புழு.
அனீஷ் சார் அந்த இரண்டை
நாகர்கோவில் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ப்
பாராட்டு வாங்கிவந்தார்.
எனக்கும் கிடைத்தது ஒரு சாயா, ஒரு பழம்பொரி.

ஆனாலும் பனி அடித்துக்கொண்டே இருந்தது.
(காய்ச்சலுக்கு எங்கள் ஊரில் பனி என்று பேர்.
சென்னையிலிருந்து புதிதாய் வந்த டாக்டரம்மா
பனியா, இங்கேயா என்று
சன்னல் வழியே மானம் பார்த்தார்.)

முதலில் தங்கப்பழம்.
பிறகு அவன் மச்சான்.
பிறகு றோஸ்லெட்.
வீடு வீடாய்ப் போய்ப் பார்த்தேன்.
பண்டிகைக்குத் துலக்கிய வெண்கலம் மாதிரி தொட்டி,
ஒரு கூத்தாடி இல்லை.

றோஸ்லெட் பாயில் கிடந்தபடி கேட்டாள்:
"நான் எப்பம் பிள்ளே வீட்டுல இருந்தேன்?"

நாலரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
விளைக்குள் இறங்கினால்
பால் எடுத்துத் திரும்பப் பதினொன்று.
அது எனக்குத் தெரியாதா?
தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

மறுநாள் போனேன்,
கதவு இல்லாத, அட்டை ஒட்ட இடமில்லாத
ரப்பர் விளைக்கு.
மழைக்கு வெட்டு நின்று பன்னிரண்டு நாள்.
மரத்துக்கு ஒரு சிரட்டை.
சிரட்டைக்குள் ஒரு சிரட்டை வானம்.
அதில் தலைகீழாய்த் தொங்கும் கூத்தாடிகள்
என் நிழல் பட்டதும் துள்ளி உள்ளே போயின.
முந்நூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன்.
அட்டை கடித்த காலில் ரத்தம் வடிய
அங்கேயே நின்றுவிட்டது எண்ணிக்கை.

"மரத்தை எந்தக் கட்டத்தில் எழுத?"
அனீஷ் சார் நல்லவர். பேனாவை மூடினார்.
"மேலே தொகுதி, கீழே பகுதி.
ஆறாங்கிளாஸ் கணக்கு.
பகுதியில் வீடு என்று இருக்கும்போது
தொகுதியில் மரத்தை எப்படி எழுதுவாய்?"

இரவெல்லாம் அதுதான் ஓடியது.
தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. உண்டு.
பகுதிக்கு நான்,
தினக்கூலி,
டார்ச்சுக்குப் பேட்டரி என் காசு.

தங்கப்பழத்தின் மச்சான்
ஆசாரிபள்ளத்திலிருந்து திரும்பவில்லை.
அவன் வீடு வெள்ளறடை, கேரளத்தில்.
அதனால் எங்கள் கணக்கில் அவன் இல்லை.
பனி பிடித்தது தமிழ்நாட்டில்.
அதனால் அவர்கள் கணக்கிலும் இல்லை.
எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்திருப்பான்
என்று நினைத்துக்கொண்டேன்.

விளைக்காரர் குவைத்திலிருந்து போனில் வந்தார்.
"கவுத்தா ஒரு கூலி,
மழை விட்டு நிமித்தினா இன்னொரு கூலி.
பால் இல்லாத நாளுக்கு
நான் எதுக்குக் கூலி தரணும்?"
வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை.
கூலி இல்லாவிட்டால் கவிழ்க்க ஆள் இல்லை.
கொதுகுக்கு மட்டும் விடுமுறை இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து
தங்கப்பழமும் நானும் கவிழ்த்தோம்.
எழுந்து நிற்க முடிந்ததும் றோஸ்லெட்டும் வந்தாள்,
பத்து மரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து.
முதல் வாரம் ஒரு விளை.
பிறகு நாலு.

மார்கழியில் பனி இல்லை.
"கவிழ்த்ததால் இல்லையா,
மழை விட்டதால் இல்லையா?" என்றார் அனீஷ் சார்.
நியாயமான கேள்வி.
ஒரு விளையைக் கவிழ்க்காமல் விட்டிருந்தால்
தெரிந்திருக்கும்.

"அடுத்த மழைக்கு எந்த விளையை
விடட்டும் சார்?
பேர் சொல்லுங்க."

அவர் பேர் சொல்லவில்லை.
படிவத்தை இழுத்து
வீடு என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்துப் பென்சிலால்
ஒரு கோடு போட்டார்.
தலைப்பு எழுதவில்லை.