பத்து கிலோமீட்டர்

எலஹங்கா பழைய பேட்டையில்
என் ஆட்டுக்கறிக் கடை ஷட்டரில்
மாநகராட்சிச் சிவபசப்பா
கன்னடத்தில் ஒரு தாள் ஒட்டினார்.
விமானக் கண்காட்சி முடியும்வரை
ஓடுதளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்
கத்தி எடுக்கக்கூடாது.
குடல் கிடந்தால் பருந்து வரும்,
பருந்து வந்தால் எஞ்சினுக்குள் போகும்.
"ஹதினேளு தினா அஷ்டே" என்றார்.
பதினேழே நாள்தானாம்.
வாடகை முப்பதுக்கு.

ஒத்திகைச் சத்தத்தில்
தராசு தானாக ஆடியது,
வெறும் தட்டோடு.

எதிர்மாடி அமுதவல்லிக்கு
ஏதோ பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை.
ஈரல் மட்டும்தான் வாங்குவாள்.
இந்தத் தடவை இரண்டு பேரும் வந்திருக்கிறார்களாம்,
அமெரிக்கா ஒன்று, ரஷ்யா ஒன்று.
ஒன்றை வீழ்த்தவே மற்றதைச் செய்தது.
நடுவில் பீடி பற்றவைத்து முடிக்கிற தூரம்கூட இல்லை என்றாள்.
"கூட்டணி, எதிர்க்கூட்டணி, அண்ணே."
எனக்குத் தெரிந்த கூட்டணி
சீட்டுப் பங்கீட்டில் விடிவதற்குள் உடையும்.
இதிலும் ஒன்று எப்போதோ உடைந்துவிட்டதாம்,
அதற்கென்று செய்த குண்டுகள்
அப்படியே இருக்கின்றனவாம்.
"நாம எந்தப் பக்கம்?"
"ரெண்டுலயும் விலை கேக்கிற பக்கம்."
சிரிப்பாள் என்று பார்த்தேன்.

பதினோராம் நாள்
கோரமங்களா ஓட்டலிலிருந்து போன்.
ஆறு ஆடு, துண்டு போட ஆள் வேண்டும்.
பத்து கிலோமீட்டர் தாண்டினால்
என் கத்தி நல்ல கத்தி.
மேல் அரங்கில் ஒரு கொடிக்காரர்கள்,
கீழ் அரங்கில் இன்னொரு கொடிக்காரர்கள்.
லிஃப்ட்டில்கூடச் சந்தித்துவிடாதபடி
வாக்கிடாக்கியோடு ஒருவன்
இரவெல்லாம் பொத்தானைக் காத்தான்.
அடுக்களை ஒன்றுதான்.
முன்சப்பை மேலே போனது,
பின்தொடை கீழே.
எந்த ஆட்டின் எது எங்கே போனதென்று
வெட்டிய எனக்கே நினைவில்லை.
திரும்பி வந்த தட்டுகளில்
எலும்பைச் சுற்றி நிறையக் கறி.

மூன்று முறை சோப்புப் போட்டும்
கொழுப்பு வாசம் போகவில்லை.
கடைசி பஸ்ஸை விட்டு, பால் வண்டியில் தொற்றி
விடியக்காலம் வந்து இறங்கினால்
கடைப் பலகைமேல் ஒரு பருந்து.
நெஞ்செலும்பு தெரிந்தது.

பத்தாவதில் மனப்பாடம் செய்த போர்க்களங்களில்
எந்த ராஜா தோற்றாலும்
உனக்கு வயிறு நிறையும்.
இந்தப் போரை
இன்னும் ஆரம்பிக்கவே இல்லை,
அதற்குள் இளைத்துவிட்டாய்.

அது என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தது.
சட்டைப்பைக்குள்
விட்டுக்கொண்டேன்.