உரியவர் வராத பெட்டி

இருபத்துமூன்று கிலோ. அதைத் தாண்டினால்
கைப்பிடியில் சிவப்புச் சீட்டு கட்டவேண்டும்:
கனம். முட்டியை மடக்கித் தூக்கு.
ஆக்லாந்து விமான நிலையம், இரவு முறை.
நான்கு வருடத்தில்
எத்தனை கட்டியிருப்பேனோ.

ஆய்வகத் தராசு என்னை
நூற்று நாற்பத்தொன்று என்றது.
பிரிஹிரா அதைப் பென்சிலில் எழுதினாள்,
அழித்துவிடலாம் என்பதுபோல.
பெயர்: லுபேட்டி.
வயது: இருபத்துநான்கு.
சர்க்கரை எத்தனை நாளாய்?
பதினேழு மாதம், என்றேன்.
என் காலரை விலக்கி
பின்கழுத்தில் கறுத்த தோலைப் பார்த்தாள்.
"இதற்கு அதைவிட வயது அதிகம்."

பதினாலு வயதில்
சர்ச்சுக்குக் கிளம்பும் ஒரு ஞாயிறு
அம்மா அதைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தாள்.
எரிந்தது. போகவில்லை.
அழுக்கென்றே இருவரும் நம்பினோம்.
அவள் சோப்பை மாற்றினாள்,
நான் சட்டையை மாற்றினேன்,
கழுத்து மூடியதாய்.

காற்றுப் புகாத அறை.
கட்டில், மேசை, நகராத சைக்கிள்,
சோறு வர ஒரு சிறு கதவு.
இருபத்துநாலு மணி நேரம்
நான் விடும் மூச்சையெல்லாம்
ஒரு குழாய் உறிஞ்சி
சுவருக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கணக்குப் பார்க்கும்.
எவ்வளவு எரிந்தது, எது எரிந்தது:
சர்க்கரையா, கொழுப்பா.
சாப்பிட்டதும் உடம்பு சர்க்கரைக்கு மாறுமாம்,
தூக்கத்தில் கொழுப்புக்கு இறங்குமாம்,
அலை ஏறி இறங்குவதுபோல.
டோங்காவில் பிறந்தவன் நான்,
அலை எனக்குத் தெரியும்.

காலையில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
என் கோடு
ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.
காற்று விழுந்த ஏரி.

"தப்பு செய்தேனா?"
தொலைபேசியில் கேட்டேன்; கண்ணாடி தடிமன்.
இல்லை, என்றாள்.
பிறகு, அவளுக்குச் சொல்ல அனுமதி உண்டோ இல்லையோ,
சொன்னாள்:
தசையின் வாசலில் இன்சுலின் தட்டுகிறது,
உள்ளே கொழுப்பு அடைந்து கிடப்பதால்
யாருக்கும் கேட்கவில்லை.
கணையம் இன்னும் உரக்கத் தட்டுகிறது.
கல்லீரலோ,
பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும்
சொல்வாரில்லாமல் உலை வைத்துக்கொண்டிருக்கும் சமையல்காரன்;
ராத்திரி முழுக்க ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுகிறது.
கணையம் தட்டித் தட்டிக்
கை ஓய்கிறது.
கிழவர்களுக்கு மெல்ல ஓயும், என்றாள்,
இந்த வயதில் பிடித்தால் சீக்கிரம்.

எனக்கு அது வேறுமாதிரி புரிந்தது.
ஆறாம் பெல்ட்.
விமானம் இறங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.
பெட்டிகள் சுற்றுகின்றன.
உரியவர்கள் வெளியே நிற்கிறார்கள், பசியோடு,
கதவு திறக்கவில்லை.
அடுத்த விமானத்துப் பெட்டிகளும் விழுகின்றன,
ஒன்றன்மேல் ஒன்று,
பெல்ட் முனகுகிறது.
இவ்வளவு இருந்தும்
வீட்டில் ஒருவருக்கும் மாற்றுத்துணி இல்லை.

அதனால்தானா
மூன்றாம் மணிக்கு முட்டி நடுங்கியது,
பெட்ரோல் பங்கில் இரண்டு பை வாங்கித் தின்றது,
தின்ற பிறகும் நடுங்கியது,
ஃபினாவ் "சோம்பேறி" என்று சிரித்தபோது
நானும் கூடச் சிரித்தது.

கதவைத் திறந்தபோது
வெளிக்காற்று வினோதமாய் இருந்தது,
யாரும் எண்ணாத காற்று.
மாத்திரை, வாரம் ஒரு ஊசி,
பகல் முறைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம்.
"மாற்றுவார்களா?"
பிரிஹிரா பதில் சொல்லவில்லை,
கையெழுத்தைக் கொஞ்சம் அழுத்திப் போட்டாள்.

கடிதம் இன்னும் மேலாளர் மேசையில்.
நேற்றிரவு ஆறாம் பெல்ட்டில்
ஒரே ஒரு பெட்டி மிச்சம், நீல நிறம்,
மூலை நசுங்கியது.
பதினொரு சுற்று எண்ணினேன்.
பன்னிரண்டாவதில் பெல்ட்டை நிறுத்தி,
பெயர்ச்சீட்டைத் திருப்பி,
ஆளில்லாத கூடத்தில்
உரக்க வாசித்தேன்.

யாரும் வரவில்லை.
முட்டியை மடக்கினேன்.