பதினேழு வேகத்தடைகள்

வடபழனியில் நாலாவது மாடி.
ஜன்னலுக்கு நேர் கீழே மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம்.
வயிற்றில் நீ வந்த நாளிலிருந்து
ராத்திரியெல்லாம் ஏதோ ஒரு இரும்பு
பூமியைக் குடைந்துகொண்டே இருந்தது.
தொட்டிலுக்கு இடம் அளந்தோம்.
ஃப்ரிட்ஜை விற்றால் வரும்.

அப்புறம்தான் கன்னங்குறிச்சி.
பாதி வாடகைக்கு இரண்டு படுக்கையறை,
பின்கதவைத் திறந்தால் சேர்வராயன் மலை.
ஏழாம் மாதத்தில் லாரியில் வரக் கூடாது என்றார்கள்
மாதேஷ் வீட்டில்.
ரயிலில் வந்தோம்.
ரயில் ஆட்டலாம் போலிருக்கிறது.

பெட்டிகளின் மேல் என் கையெழுத்து:
சமையல்.
சமையல் இரண்டு.
இது என்னவென்று தெரியவில்லை.

முதல் இரவு
ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ் இறங்குவதை
விளக்கு திரும்பத் திரும்ப எண்ணினேன்.
அதுவும் போன பிறகு ஒன்றுமில்லை.
குழாய் சொட்டினால்கூடத் துணையாக இருக்கும்;
இங்கே அதுவும் நாலு நாளைக்கு ஒருமுறைதான்.

இரண்டாம் இரவு நீ அசையவில்லை.

ஐஸ் தண்ணீர் குடித்தேன்.
இடப்பக்கம் படுத்தேன். வெல்லம் தின்றேன்.
விரலால் தட்டினேன்,
பழக்கமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல
முதலில் மரியாதையாக.
பிறகு மரியாதையில்லாமல்.

மாதேஷ் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.
ஆட்டோக்காரர் ஃபோனில் கேட்டார்:
'அஸ்தம்பட்டி வரைக்கும் நடந்து வந்துருவீங்களா?'
வடபழனியில் ஆஸ்பத்திரி, லிஃப்டிலிருந்து நூறு அடி.
இங்கே பதினேழு வேகத்தடை.
வந்த அன்றே அவன் எண்ணி வைத்திருந்தான்.
நான் சிரித்திருந்தேன்.

ஸ்கூட்டர்.
ஒவ்வொரு தடையிலும் வண்டியை நிறுத்தி
இரண்டு காலாலும் தள்ளித் தள்ளிக் கடத்தினான்.
அவன் முதுகு ஒன்றும் பேசவில்லை.
நான் பின்னால் உட்கார்ந்து
மிச்சமாகும் வாடகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்,
மாதம் பதினோராயிரம்,
வருஷத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்,
கூட்டக் கூட்ட
அந்தப் பணத்தின் மேல் ஒரு வெறுப்பு.

முள்ளுவாடி கேட் போட்டிருந்தது.

பதினோரு மணிக்கு என்ன ரயில் என்று
மாதேஷ் யாரையோ திட்டினான்.
கூட்ஸ். அவசரமே இல்லாத கூட்ஸ்.
பெட்டி பெட்டியாக இருட்டு நகர்ந்தது.
தார் ரோடு நடுங்கியது,
ஸ்கூட்டர் நடுங்கியது,
சீட்டு வழியாக ஏறி வந்தது நடுக்கம்.
முப்பதாவது பெட்டியோ, முப்பத்தொன்றோ,
விலாவுக்குக் கீழே
ஒரு உதை.
இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று
நீ என்னைக் கேட்கிற உதை.

கேட் திறந்தும் நாங்கள் நகரவில்லை.
பின்னாலிருந்த பால் வண்டி ஹாரன் அடித்தது.
அதற்கும் ஒன்று உதைத்தாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடவில்லை.
நர்ஸ் கருவியை வைத்தாள்.
ஆர்டர் முடிக்கிற அவசரத்தில்
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை தட்டுவதுபோல
அறை முழுக்க உன் சத்தம்.
'நல்லாத்தானுங்க இருக்கு. நீங்க சாப்ட்டீங்களா?'
இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.
தட்டுவடை செட் கடையும் மூடிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று.
மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெறும் கறுப்பு.
மறுபடியும் அந்த அமைதி.
மறுபடியும் நீ அடங்கினாய்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
மாதேஷ் எழுந்துபோய்
'சமையல் இரண்டு' பெட்டியைப் பிரித்தான்.
மிக்ஸியை எடுத்துத் துடைத்து
காலி ஜாரை வைத்து
மூன்றில் திருப்பினான்.

உதைத்தாய் பார்,
வடபழனியே உள்ளே இருப்பதுபோல.
அவன் கையை வைத்தான், அழுதான்,
மிக்ஸியை நிறுத்த மறந்துவிட்டான்.
தெருவில் ஒரு நாய் தொடங்கி வைக்க
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

காலையில் சாந்தாமணி அக்கா
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.
'ராத்திரி ஒரு மணிக்கு என்னங்க அரைச்சீங்க?'
பொட்டுக்கடலை என்றேன்.
நம்பவில்லை.
'நாளைக்கு நாலு மணிக்குத் தண்ணி வரும்,
டிரம்மைத் திறந்து வைங்க' என்றுவிட்டுப் போனார்.

திறந்து வைத்தோம்.
இரும்பு டிரம்மின் அடியில்
முதல் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே,
அதற்கு நீ
இரண்டு காலாலும்.