சாய்கோடு

சிலிம் ரிவரில், லீயின் சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் ஒற்றை அறை.
நான், மடிக்கணினி, ஆறிப்போன தே ஓ,
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் பதிவட்டைகள்.
ஸ்கேன் செய்த பையன் எல்லாவற்றையும்
ஒரே கோப்புறையில் கொட்டிவிட்டுப் போயிருந்தான்,
லோரி செம்பனைக் குலையைக் கொட்டுகிற மாதிரி.

ஆளுக்கொரு கோப்புறை வேண்டும் என்றார் செயலாளர் குணாளன்.
வீட்டு மனு வெள்ளிக்கிழமை போகிறது.
கையால் பிரித்தால் தீபாவளி வந்துவிடும்.
பைதானில் எழுதினேன்.
புதிதாய் எதையும் இறக்கவில்லை,
மொழியோடு கூடவே வருகிற கருவிகள் போதும்:
பாதை கட்ட ஒன்று, கோப்பை நகர்த்த ஒன்று.

முதல் ஓட்டத்திலேயே நின்றது.
அப்படி ஒரு பாதை இல்லையாம்.
இல்லாததால்தானே உண்டாக்கச் சொல்கிறேன் என்று
திரையைத் திட்டிவிட்டு
அடைப்புக்குள் இரண்டு சொல் சேர்த்தேன்:
பேரண்ட்ஸ், ட்ரூ.
பெற்றோர் இல்லையென்றால் நீயே உண்டாக்கிக்கொள்.
ஓடியது. நாலே விநாடி.
விளக்கை அணைத்துவிட்டு நாசி லெமாக் வாங்கப் போனேன்.

காலையில் திறந்தால்
'நல்லம்மா ஏ' என்று ஒரு கோப்புறை,
அதற்குள் 'பி வீராசாமி' என்று இன்னொன்று.
'முனியன் ஏ'. உள்ளே 'எல் சடையன்'.
'சுப்பம்மா ஏ'வுக்குள் இரண்டு தகப்பன்மார்.
மூன்றாம் டிவிசன் சுப்பம்மாவும்
ஆறாம் டிவிசன் சுப்பம்மாவும்
ஒருத்தியை ஒருத்தி பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அடையாள அட்டையில் நமக்கெல்லாம் நடுவே கிடக்கிற
அந்தச் சாய்கோடு.
ஏ/எல், இன்னார் மகன். ஏ/பி, இன்னார் மகள்.
பதிவிலாகாவுக்கு அது உறவு.
கணினிக்கு அது கதவு.
கண்டதும் திறந்து, தகப்பனை உள்ளே தள்ளிச் சாத்திவிட்டது.
அதன் கணக்கில் நல்லம்மாதான் பெற்றோர்,
வீராசாமி அவள் வயிற்றில்.

பிரித்து, திருப்பி எழுதினேன்:
'நல்லம்மா - வீராசாமி மகள்'.
பழைய அறைகளை அப்புறப்படுத்த வேண்டும்.
மொத்தமாய் அழிக்கிற கட்டளை ஒன்று உண்டு.
கேட்காது, குப்பைத் தொட்டிக்கும் அனுப்பாது.
கம்பெனி லயங்களை இடித்த அன்று
ஓடியது அதுதான் என்று நினைக்கிறேன்.
நான் சின்னதை எடுத்தேன்: ஆர்எம்டிர்.
காலி அறையை மட்டுமே எடுக்கும்.
உள்ளே ஒரு துரும்பு கிடந்தாலும் மாட்டேன் என்னும்.

எல்லாம் போயின.
ஒன்று மாட்டேன் என்றது.

'அமராவதி ஏ'.
உள்ளே 'பி'.
அவ்வளவுதான், வெறும் பி.
பி-க்குப் பிறகு ஓர் இடைவெளி, ஒரு பெயர் என்று
எதிர்பார்த்து நின்ற என் நிரல்
இவளைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறது.

அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
தகப்பன் பெயர்: ஒரு கோடு. இது சாயவில்லை, படுத்திருந்தது.
பால்வெட்டு, நாலாம் டிவிசன், எழுபத்தொன்று முதல் தொண்ணூற்றெட்டு.
ஓரத்தில் எந்தக் கிராணியோ பென்சிலால்: வெட்டு சுத்தம்.

தஞ்சோங் மாலிமில், மகன் வீட்டில் இருந்தார். போன் எடுத்தார்.
அம்மா, அப்பா பேர் என்ன போடறது?
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது.
"எல்லா ஆபீசுலயும் இதைத்தான் கேக்கறாங்க.
அந்தக் கோட்ட எடுத்துடேன்மா.
எடுத்தா கணக்கு இடிக்குமா?"

இடிக்காது என்றேன்.
அரை நிமிடம் யோசித்த பிறகுதான் சொன்னேன்.

'அஞ்சலை - மாடசாமி மகள்'.
அடுத்த வரி, 'அமராவதி'.
குணாளன் எட்டிப் பார்த்து, பாதியில் நிக்குதே என்றார்.
இல்லண்ணே, முழுசு.

காலியான அறைக்கு மறுபடியும் ஆர்எம்டிர்.
வேலை முடிந்தால் பைதான் ஒன்றும் சொல்லாது,
அடுத்த வரியில் போய் நின்றுகொள்ளும்.
கீழே லீ யாருக்கோ டயரில் காற்றடித்துக்கொண்டிருந்தான்.