கோட்டுக்கு வெளியே

பதினோரு வருடத்தில் நான் போட்டது ஒரே ஒரு கோல்.
அதுவும் எங்கள் வலைக்குள்.
மறுநாள் பேப்பரில் ஞானதிரவியம் என்று
எழுத்துப் பிழையில்லாமல் முதன்முறையாக என் பெயர்.
தடுத்தவை எதிலும் வரவில்லை.
நடக்காமல் போனதை
எவன் எழுதுவான்?

கொல்கத்தாக்காரர்களுக்கு என் பெயர் நாக்கில் நிற்கவில்லை.
ஊரைச் சொன்னேன். அதையும் சுருக்கி
நெல்லி ஆக்கிவிட்டார்கள்.
நெல்லி, பின்னால்! நெல்லி, ஆளைப் பிடி!
கணுக்கால் புதையும் சேற்றில்
என்னைவிட வேகமான பையன்களின்
இடுப்பை மட்டும் பார்த்தபடி பின்வாங்கி ஓடினேன்.
பந்து பொய் சொல்லும். கால் அதைவிடச் சொல்லும்.
இடுப்புக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

வலது முட்டிக்குள் இரண்டு திருகாணி.
செங்கோட்டைப் பக்கம் சாரல் இறங்கினால்
பாளையங்கோட்டை வெயிலில் நிற்கும் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்போது ஒப்பந்தச் சம்பளம், கழுத்தில் விசில்,
மோட்டார் அறைச் சாவி
(பந்துகள் அங்கேதான் தூங்குகின்றன).
பதினெட்டுப் பையன்கள்.
எல்லாருக்கும் கோல் அடிக்கணும்,
ஸ்டாப்பராக நில்லுலே என்றால்
காய்ச்சல் வந்துவிடும்.

அரையிறுதி. நாங்கள் ஒரு கோல் முன்னால்.
இன்னும் ஆறு நிமிடம்.
தூத்துக்குடி விங்கர் கோட்டோரமாக வந்தான்.
எங்கள் மைதீன் பிச்சை கை ஊன்றிக் கிடந்தான்.
வந்தவனோடு சேர்ந்து நானும்
இருபது கஜம் ஓடியிருக்கிறேன் என்பதே
பிறகுதான் தெரிந்தது.
எனக்கும் பந்துக்கும் நடுவே
ஒரு சுண்ணாம்புக் கோடு.
இடுப்பைப் பார்த்தேன்.
உள்ளே திரும்பப் போகிறான்.
அதன்பின் நான் எதையும் முடிவு செய்யவில்லை.

செருப்பு ஒரு பக்கம் போனது.
பந்து கேலரிக்குள், யாரோ வைத்திருந்த சுண்டல் மேல்.
சுத்தமான டேக்கிள். ஆளைத் தொடவே இல்லை.
அந்தப் பையனே நின்று பார்த்தான்:
என்ன அண்ணாச்சி இது?

ஆடிய காலத்தில் ஒரு சிவப்பு அட்டை கிடையாது எனக்கு.
நாற்பத்தேழு வயதில் கிடைத்தது.
வெளியே போங்க சார், என்றார் நடுவர்.
அவர் குரலில் சிரிப்பு இருந்தது.
அதற்குத்தான் கோபம் வந்தது.

மைதானச் சுவருக்கு இந்தப் பக்கம்
ஒற்றைச் செருப்போடு நான்,
ஒரு சர்பத் வண்டி,
நெரிசலில் உறுமும் சமாதானபுரம் பஸ்.
ஃப்ரீ கிக் அவர்களுக்கு.
சுவரில் மூன்று பேர் போதும்.
மூன்றாவது ஆள் குதிக்கக் கூடாது.
குதிக்காதே என்று கத்தினேன்.
பஸ் ஹார்ன் அடித்தது.

உள்ளே ஒரு சத்தம்.
அவர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருக்கிறார்கள்;
எங்களுக்குக் கல்லூரி விடுதி முழுக்க.
எந்த வாயிலிருந்து வந்தது என்று பிடிபடவில்லை.
கோலா அண்ணாச்சி, என்றார் சர்பத்காரர்,
எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே.
தெரியவில்லை.
மறுபடி ஒரு சத்தம், முன்னதைவிடச் சின்னது.

ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டார்.
எட்டிப் பார்த்துச் சொல்லவா?

வேண்டாம் என்றேன்.
அவர் இறங்கப் போனார்.
பொறுங்க.
கோலி நிக்கானா, உக்காந்திருக்கானா?
அது மட்டும் சொல்லுங்க.